மணிவிழா வீடியோவில் படங்கள் ஏன் காணாமல் போகின்றன?

அடுத்த மாதம் உங்கள் அப்பாவுக்கு மணிவிழா. சமூக மன்ற மண்டபத்தில் போட்டுக் காட்ட, 140 பழைய படங்களையும் நாலு சின்ன வீடியோத் துண்டுகளையும் வைத்து ஒரு வீடியோ செய்கிறீர்கள். விண்டோஸ் 11 மடிக்கணினியோடு வந்த கிளிப்சாம்ப் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் எல்லாவற்றையும் சேர்த்தீர்கள். சேர்ந்த மாதிரிதான் தெரிந்தது, ஓட்டிப் பார்த்தால் திரையில் ஒன்றுமே இல்லை. எப்படியோ வரவழைத்துவிட்டீர்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பாதிப் படங்களைக் காணோம். இருக்கிற படங்களிலும் பலவற்றுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. தமிழில் போட்ட பெயர்கள் உடைந்து தெரிகின்றன. கடைசியில், காசு கொடுத்து எந்த மென்பொருள் வாங்கினால் இதெல்லாம் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தைச் ‘சேர்ப்பது’ என்றால் கணினிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அது புரிந்துவிட்டால் நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதினேழு வருடம் கல்யாண வீடியோ எடிட் செய்தவன் நான். இப்போது சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு இதையே சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் மாட்டிக்கொண்ட அதே இடங்களில்தான் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில், ஏன் திரையில் வரவில்லை என்பது. எந்த வீட்டு எடிட்டிங் மென்பொருளை எடுத்தாலும் சேர்ப்பது இரண்டு படி. ‘இம்போர்ட்’ என்ற பட்டனை அழுத்திப் படங்களைக் கொண்டு வருகிறீர்களே, அது முதல் படி. படங்கள் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வந்து உட்காரும். சந்தையில் வாங்கி வந்த காய்கறியை அடுப்பு மேடையில் வைத்த மாதிரி அது. குழம்பில் இன்னும் எதுவும் விழவில்லை. அங்கிருந்து ஒவ்வொரு படத்தையும் கீழே இருக்கும் நீளப் பட்டைக்கு, அதாவது டைம்லைனுக்கு, இழுத்துவிடுவது இரண்டாவது படி. டைம்லைனில் இருப்பது மட்டும்தான் வீடியோ. கிளிப்சாம்ப்பில் அந்தக் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தால் வரும் கூட்டல் குறியை அழுத்தினாலும் போதும். ஐமூவி, ஷாட்கட், ஓப்பன்ஷாட் எல்லாவற்றிலும் இதே கதைதான், பட்டன் இருக்கிற இடம்தான் மாறும்.

அடுத்தது காணாமல் போன பாதி. இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் முழு வேலைக்கும் அடிப்படை இது. நீங்கள் படத்தை இம்போர்ட் செய்யும்போது பெரும்பாலான மென்பொருள்கள் படத்தை எடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. ‘இந்தப் பெயருள்ள படம், இந்த டிரைவில், இந்த ஃபோல்டரில் இருக்கிறது’ என்று முகவரியை மட்டும் குறித்துக்கொள்கின்றன. நூலகப் பட்டியலில் புத்தகத்தின் பெயரும் அலமாரி எண்ணும்தானே இருக்கும், அந்த மாதிரி. புத்தகத்தை வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டால் பட்டியல் பொய்யாகிவிடுகிறது. படத்தின் பெயரை மாற்றினாலோ, வேறு ஃபோல்டருக்குத் தள்ளினாலோ, அது இருந்த தம்ப் டிரைவைக் கழற்றினாலோ அந்த முகவரியில் ஆள் இல்லை. மென்பொருள் எச்சரிக்கைக் குறியோ வெற்றுக் கட்டமோ காட்டும். அதனால் படம் அழிந்துவிட்டதாக நினைத்துப் பதற வேண்டாம். படம் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது, வழிதான் அறுந்துவிட்டது. விதிவிலக்கு உண்டு: மேக் கணினியில் ஐமூவி தன் லைப்ரரிக்குள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்திலிருந்து விண்டோஸுக்கு வருபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு முறை இதனால் ஒரு இரவு முழுக்க உட்கார வேண்டி வந்தது. ஒரு வாடிக்கையாளரின் வேலையைப் புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றச் சொன்னேன். உதவிக்கு இருந்த தம்பி புராஜெக்ட் கோப்பை மட்டும் காப்பி செய்துவிட்டு, பழைய டிஸ்க்கைத் துடைத்துவிட்டான். முன்னூறு படங்கள் கொண்ட வேலை, கோப்பு வெறும் சில நூறு கிலோபைட். அந்த அளவைப் பார்த்த உடனேயே எனக்குச் சுருக்கென்றது. முகவரிப் புத்தகம் வந்திருக்கிறது, வீடுகள் வரவில்லை. வாடிக்கையாளரிடம் மூலப் படங்கள் இருந்ததால் தப்பித்தோம்.

உங்கள் விஷயத்தில் பாதி மட்டும் போனதற்கு என்ன காரணம் என்று இங்கிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அத்தை கொடுத்த தம்ப் டிரைவிலிருந்து கொஞ்சம், கேபிள் போட்டு போனிலிருந்து கொஞ்சம், டௌன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து கொஞ்சம் என்று எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். காணாமல் போனவை முதல் இரண்டு வகையில் இருக்க வாய்ப்பு அதிகம். சோதிப்பது சுலபம். தம்ப் டிரைவைச் செருகி, காணாத படத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால், படத்தைக் காணோம் என்று கிளிப்சாம்ப் காட்டும் இடத்தில் கோப்பை மறுபடி இணைக்க வழி கொடுக்கும், அதில் சரியான கோப்பைக் காட்டுங்கள். இதே காரணத்தால், வீட்டுக் கணினியில் ஆரம்பித்ததை அலுவலகக் கணினியில் அதே கணக்கில் நுழைந்து திறந்தாலும் படங்கள் இல்லாமல் போகலாம். மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், ஏற்றப்படாதவரை அவை உங்கள் மடிக்கணினியிலேயே இருக்கின்றன.

இன்னும் ஒரு மாதம் இருப்பதால் என் யோசனை இது: ஒட்டுப்போடுவதைவிட முதலிலிருந்து ஒழுங்காக ஆரம்பியுங்கள். இரண்டு மணி நேர வேலைதான். மடிக்கணினியில் ஒரே ஒரு ஃபோல்டர் திறந்து, எங்கெங்கோ இருக்கும் எல்லாப் படங்களையும் வீடியோக்களையும் பாட்டையும் அதற்குள் காப்பி செய்யுங்கள். பிறகு திரையில் வர வேண்டிய வரிசைப்படி 001, 002, 003 என்று பெயர் மாற்றுங்கள். வெறும் 1, 2, 3 என்று போட்டால் சில மென்பொருள்களில் 1, 10, 100, 2 என்று வரிசை குழம்பும். தேதிப்படி அடுக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஸ்கேன் செய்த படத்துக்கு ஸ்கேன் செய்த நாள்தான் தேதி, வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதியே இருக்காது. அப்பா 1984இல் தேசிய சேவையில் எடுத்த படமும் போன தீபாவளிப் படமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். பெயர் மாற்றி முடித்த பிறகுதான் இம்போர்ட். அதற்கப்புறம் விழா முடியும்வரை அந்த ஃபோல்டரையோ அதில் ஏற்கெனவே இருப்பவற்றின் பெயரையோ இடத்தையோ மாற்றக் கூடாது. ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள்.

வாட்ஸ்அப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் முடித்துவிடுகிறேன். சொந்தக்காரர்கள் அனுப்பும் படங்களில் பாதி மங்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம். சாதாரணமாக அனுப்பினால் நீளமான பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். போனில் பார்க்க அழகாக இருக்கும், மண்டபத் திரையில் முகம் கரைந்துபோகும். அதே படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், மூலம் அப்படியே வரும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அனுப்பும் படம் ஹெச்இஐசி வகையாக இருந்து, விண்டோஸில் திறக்காமல் போகலாம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அதுதான் அங்கே வழக்கம். ஐபோன் செட்டிங்கில் போட்டோஸ் பகுதியில், கணினிக்கு மாற்றும்போது ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைத்துக் கேபிள் வழியாக எடுத்தால் ஜேபெக்காக மாறி வரும்.

ஆல்பத்தில் இருக்கும் அச்சுப் படங்களுக்கு ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்து, எடுங்கள். கணக்கு இதுதான்: நீங்கள் செய்யப் போகும் வீடியோவின் சட்டம், அதாவது ஃபிரேம், 1920க்கு 1080 பிக்சல். 4ஆர் படம் 4க்கு 6 அங்குலம், 300 டிபிஐயில் எடுத்தால் 1200க்கு 1800. சட்டத்தை நிரப்பவே அது கொஞ்சம் போதாது, ஒரு முகத்தை நெருங்கிக் காட்டினால் சுத்தமாகப் போதாது. எண்பதுகளில் பரவலாக இருந்த 3ஆர் படம் இன்னும் சின்னது. 600இல் எடுத்தால் இரண்டுக்கும் தாராளமாக இடம் இருக்கும். பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200 வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் போனிலேயே எடுக்கலாம். காலை வேளையில் நடைபாதைப் பக்க ஜன்னலோரம் மேசையைப் போட்டு, மின்விளக்கை அணைத்து, பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். பசை ஒட்டும் ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் பிடுங்காதீர்கள். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் மெதுவாக அறுப்பது போல ஓட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படத்துக்கு இன்னொரு பிரதி உலகத்தில் எங்கேயும் இல்லை.

கறுப்புப் பட்டைக்கு வருவோம். அது பிழை இல்லை, வடிவக் கணக்கு. தொலைக்காட்சித் திரை 16க்கு 9. போன் படம் பொதுவாக 4க்கு 3, 4ஆர் படம் 3க்கு 2. குறுகலான படத்தை அகலமான சட்டத்தில் வைத்தால் ஓரம் மிஞ்சத்தான் செய்யும். நிமிர்த்தி எடுத்த படமென்றால் திரையில் பாதிக்கு மேல் வெறுமைதான். ‘ஃபில்’ என்ற பட்டன் ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் படம் பெரிதாகிச் சட்டத்தை நிரப்பும். ஆனால் மேலும் கீழும் வெட்டுப்படும். இதை 140 படத்துக்கும் ஒரேயடியாகப் போட்டுவிடாதீர்கள். தைப்பூசத்தில் காவடி தூக்கி நிற்கும் அப்பாவின் நிமிர்ந்த படத்தை நிரப்பினால் காவடியும் போய்விடும், காலும் போய்விடும், நடுவில் வயிறுதான் நிற்கும். அந்த மாதிரிப் படத்தை முழுதாக விட்டு, பின்னணியில் அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாக வைக்கலாம். கீழ் வரிசையில் பெரிதாக்கிய பிரதி, அதற்கு மேல் வரிசையில் முழுப் படம், அவ்வளவுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு: அடர் பழுப்போ கருநீலமோ ஒரே நிறப் பின்னணி. எல்லா நிமிர்ந்த படங்களுக்கும் அதே நிறம் என்றால் ஆல்பம் புரட்டுகிற உணர்வு வருகிறது. தயவுசெய்து இழுத்து நீட்டி மட்டும் நிரப்பாதீர்கள். பாட்டியின் முகம் அகலமாகிவிட்டால் அது பாட்டி இல்லை.

எண்ணிக்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 140 படத்தை ஆளுக்கு 5 விநாடி வைத்தால் 11 நிமிடம் 40 விநாடி. அதோடு வீடியோத் துண்டுகள் வேறு. மண்டபத்தில் பந்தி தயாராக இருக்கும்போது அது நீளம். 60 படம், 5 நிமிடம், துண்டுகள் சேர்த்து 7 நிமிடம் என்றால் கண் ஒட்டிக்கொண்டே இருக்கும். மிச்சப் படங்களை வீணாக்க வேண்டாம், விருந்து நடக்கும்போது பக்கத்துத் திரையில் தனியாக ஓடவிடுங்கள்.

எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம் வைப்பதும் தவறு. மென்பொருள் தானாக ஒரு அளவு வைக்கும். ஐமூவியில் வழக்கமாக 4 விநாடி, பழைய விண்டோஸ் மூவி மேக்கரில் 7 விநாடி. அதை அப்படியே விடக் கூடாது. வகுப்புக்கு வந்த ஒரு அம்மா கொண்டுவந்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா, குவார்ட்டர்ஸ் வாசலில் குடும்பத்தோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். பதினேழு பேர். அதை 4 விநாடி ஓடவிட்டோம். யாரும் யாரையும் கண்டுபிடிக்கவில்லை, ‘அந்த ஓரத்தில் யார்?’ என்று கேட்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. அப்புறம் இப்படிச் செய்தோம்: முழுப் படம் அசையாமல் 4 விநாடி, பிறகு இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு 8 விநாடி மெதுவான நகர்வு, கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் குழந்தையிடம் வந்து நின்றது. அந்தக் குழந்தை அவர்தான். வகுப்பே அமைதியாகிவிட்டது. இப்போது நான் சொல்லிக் கொடுக்கும் கணக்கு, தனி ஆள் படம் 4 விநாடி, நாலைந்து பேர் என்றால் 6, கூட்டம் என்றால் 8க்கு மேல்.

இந்த மெதுவான நகர்வுக்கு ஐமூவியில் ‘கென் பர்ன்ஸ்’ என்று பெயர், தன் ஆவணப்படங்களில் பழைய புகைப்படங்களை இப்படி நகர்த்திக் காட்டிய அமெரிக்கரின் பெயர் அது. படத்தைச் சேர்த்தவுடன் ஐமூவி தானாகவே இதைப் போட்டுவிடும், எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்பதையும் தானே தீர்மானிக்கும். அது சில சமயம் நெற்றியில் முடியும், சில சமயம் சுவரில். ஆரம்பச் சட்டம், முடிவுச் சட்டம் இரண்டையும் கையால் நகர்த்தி ஒரு முகத்தில் முடியும்படி வையுங்கள். பத்துப் படத்தில் மூன்றுக்கு மேல் நகர்வு வேண்டாம். எல்லாமே நகர்ந்தால் பெரியவர்களுக்குத் தலை சுற்றும்.

படத்துக்கும் படத்துக்கும் நடுவில் போடும் மாற்றங்களில், ஒன்று கரைந்து மற்றொன்று வருவது மட்டும் போதும். ஒரு சங்கதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கரைசல் நடக்கும் அந்த ஒரு விநாடியில் இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. அதனால் பெரும்பாலான மென்பொருள்களில் மொத்த நீளம் குறையும். 60 படத்துக்கு நடுவே 59 கரைசல் போட்டால் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் காணாமல் போகும், பாட்டு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பாட்டைக் கடைசியில் அளந்து போடுங்கள்.

இனி வீடியோத் துண்டுகள். நாலில் இரண்டு போனில் எடுத்தது, இரண்டு 1998இல் புளோக் கீழே நடந்த உங்கள் முதல் பிறந்தநாள் விசிடி (பழைய வீடியோ குறுந்தட்டு) என்று எழுதியிருக்கிறீர்கள். போனில் எடுத்ததில் சிக்கல் இல்லை. டைம்லைனில் போட்டு, ‘ரெடியா? ஓடுதா?’ என்று கேட்கும் முன்பகுதியையும் கேமரா கீழே இறங்கும் பின்பகுதியையும் இரண்டு ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுங்கள். இப்படி வெட்டினால் மூலம் அழியாது, வெளியே இழுத்தால் திரும்பி வந்துவிடும். அதனால் தைரியமாக வெட்டுங்கள். ஒரு துண்டு 30 விநாடிக்கு மேல் வேண்டாம்.

விசிடி கொஞ்சம் கவனம் கேட்கும். தட்டைத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டரில் ‘.DAT’ என்று முடியும் கோப்பு இருக்கும், அதுதான் வீடியோ. இன்றைய எடிட்டிங் மென்பொருள்கள் பல அதைத் தொடாது. முதலில் அதைக் கணினிக்குக் காப்பி செய்துகொண்டு, விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக மாற்றலாம். காப்பி பாதியில் நின்றால் தட்டில் கீறலோ பூஞ்சையோ இருக்கலாம். நம் ஊர் ஈரத்துக்கு இருபத்தைந்து வருடத் தட்டு பிழைத்திருப்பதே பெரிசு. மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைத்து, வேறொரு டிரைவில் முயன்று பாருங்கள். அதற்கு மேல் அது கடைக்காரர் வேலை. கிடைத்தாலும் இங்கே பயன்பட்ட ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறை விசிடியின் சட்டம் 352க்கு 288 பிக்சல்தான். மண்டபத் திரை முழுக்க நிரப்பினால் உயரத்தில் மட்டும் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஊதிவிடும், முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். திரையின் நடுவில் பாதி உயரத்துக்கு வைத்து, சுற்றிலும் அந்த நிறப் பின்னணியை விடுங்கள். சின்னதாக இருந்தாலும் தெளிவாக இருக்கும்.

ஒலியில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய துண்டில் இருக்கும் குரலைப் பாட்டு போட்டு மூடிவிடாதீர்கள். அந்த விசிடியில் உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஒரு வார்த்தை பேசியிருந்தாலும், அந்த இடத்தில் பாட்டை முழுக்க இறக்கிவிட்டு அதைக் கேட்கவிடுங்கள். மற்ற இடங்களில் பாட்டு ஓடட்டும். வரி உள்ள பாட்டைவிட வீணையோ நாதஸ்வரமோ நல்லது, பேச்சோடு மோதாது. அப்புறம், விழா முடிந்து யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால், திரைப்பாட்டைத் தானாகக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. குடும்பத்துக்குக் கோப்பாகவே கொடுத்துவிடுவது சுலபம்.

தமிழ் எழுத்து உடைவதற்கு வருகிறேன். இது உங்கள் தப்பு இல்லை. ‘பெரியப்பா’ என்று தட்டும்போது கணினியின் நினைவில் முதலில் ‘ப’, பிறகுதான் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் பொறுப்பு. ‘கொ’ என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். எடிட்டிங் மென்பொருள்களின் தலைப்புப் பகுதி சிலவற்றில் இந்த வேலை நடப்பதில்லை. கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும், இல்லையென்றால் புள்ளி வட்டம் தெரியும். முதலில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ இருக்கிறது, மேக்கில் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி இருக்கிறது, கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லை, அவற்றை விட்டுவிடுங்கள்.

எழுத்துரு மாற்றியும் உடைந்தால் ஒரு வழி இருக்கிறது, அது தவறியே நான் பார்த்ததில்லை. பவர்பாயிண்டில் தலைப்பைத் தட்டுங்கள், அங்கே தமிழ் ஒழுங்காக வரும். ஸ்லைடைப் பிஎன்ஜி படமாகச் சேமியுங்கள். சேமித்துவிட்டால் அது எழுத்து இல்லை, படம். எந்த மென்பொருளாலும் உடைக்க முடியாது. வழக்கமான ஸ்லைடு 1280க்கு 720 அளவில்தான் சேமிக்கப்படும், ஆகவே முதலிலேயே ஸ்லைடின் அளவை 20க்கு 11.25 அங்குலம் என்று மாற்றிவிடுங்கள், சரியாக 1920க்கு 1080 வரும். இந்தப் படங்களையும் அதே ஃபோல்டரில் எண் போட்டு வையுங்கள். இதற்கு மெனக்கெட வேண்டுமா என்று ஆங்கில எழுத்தில் பெயர் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊரில், அறுபது வயது அப்பாவின் பெயர் ஒரு பெரிய திரையில் தமிழில் வருவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

மென்பொருள் வாங்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் இப்போது இணையத்தில் சுற்றுபவற்றை இறக்காதீர்கள். 2021இல் மைக்ரோசாப்ட் வாங்கிய கிளிப்சாம்ப்தான் அதன் இடத்தில் இருக்கிறது, இலவசமாகவே 1080பி (1920க்கு 1080) தரத்தில் எக்ஸ்போர்ட் செய்ய, அதாவது முடிந்த வீடியோவை ஒரே கோப்பாக வெளியே எடுக்க, விடுகிறது. உங்கள் வேலைக்கு அது போதும். இணையம் இல்லாமல் வேலை செய்ய வேண்டுமென்றால் ஷாட்கட், இலவசம், கொஞ்சம் பழக வேண்டும். தொழில்முறை மென்பொருளுக்கு இப்போது போகாதீர்கள், ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வதிலேயே இருபது நாள் போய்விடும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது எம்பி4, 1080பி. 7 நிமிட வீடியோ விநாடிக்கு 8 மெகாபிட் கணக்கில் சுமார் 420 எம்பி வரும், தம்ப் டிரைவில் தாராளமாக நிற்கும். எக்ஸ்போர்ட் ஆன கோப்பில்தான் படங்கள் உண்மையாகவே உள்ளே இருக்கின்றன, அதை எங்கே எடுத்துப் போனாலும் ஓடும். புராஜெக்டை மண்டபத்துக்குக் கொண்டுபோய் அங்கே திறக்க முயல வேண்டாம். மண்டபப் புரொஜெக்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலது ஓரத்தை வெட்டும், விளக்கு எரிந்தால் மங்கிய படங்கள் வெளிறிப்போகும். தலைப்பை ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள், வெளிறிய படங்களுக்குக் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏற்றுங்கள், முடிந்தால் இரண்டு நாள் முன்னால் போய் அந்த இடத்திலேயே ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. எக்ஸ்போர்ட் முடிந்த பிறகும் புராஜெக்டையும் ஃபோல்டரையும் அழிக்காதீர்கள். விழாவுக்கு முதல் நாள் ராத்திரி ஏதாவது ஒரு சித்தப்பா, ‘என்கிட்ட ஒரு படம் இருக்கு, உங்கப்பாவும் நானும் ஸ்கூல் யூனிஃபார்ம்ல’ என்று கண்டிப்பாக அனுப்புவார். பள்ளிக்கூடப் படங்கள் வரும் இடத்தில் வரிசை எண்ணில் ஒன்றிரண்டு இடைவெளி விட்டு வையுங்கள். அந்தப் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி, விட்டுவைத்த எண்ணைப் பெயராகப் போட்டு, இம்போர்ட் செய்து, டைம்லைனில் இழுத்துவிட்டு, மறுபடி ஒரு எக்ஸ்போர்ட். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.